நாற்பது பிள்ளைகள், வாரம் மூன்று பீரியட்: பிரெஞ்சு வகுப்பில் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் கோவைப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் இந்த வருடம் பிரெஞ்சு டீச்சராகச் சேர்ந்திருக்கிறார். ஆறாவது முதல் எட்டாவது வரை எடுக்கிறார். ஒவ்வொரு வகுப்பிலும் 40 பேர், வாரத்துக்கு 3 பீரியட். "பிள்ளைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள், ஆனால் வாயைத் திறப்பதில்லை. நல்ல ஒர்க்‌ஷீட், கேம்ஸ், வெப்சைட் இருந்தால் சொல்லுங்கள். பள்ளியில் 3,000 ரூபாய் தருகிறார்கள், என்ன வாங்கலாம்?" என்று எழுதியிருக்கிறார்.

ஒர்க்‌ஷீட்டுக்குப் பஞ்சமே இல்லை, தேடினால் ஆயுசுக்கும் தீராத அளவு கிடைக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். ஒரே பீரியடில் 40 பேரும் ஆளுக்குச் சில வாக்கியமாவது பிரெஞ்சில் பேச என்ன வழி, அதற்கு நேரம் ஒதுக்கினால் பரீட்சை மார்க் அடிபடுமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன். சென்னையில் பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வருகிறேன், பெரும்பாலும் ஆறாவது முதல் பத்தாவது வரை. ஒன்றாவது, இரண்டாவது படிக்கும் சின்னக் குழந்தைகளோடு எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் கீழே வருவதை அவர்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 40 நிமிட பீரியடில் அட்டென்டன்ஸ், நோட்டு எடுப்பது, முந்தின பாடம் எல்லாம் போக 30 நிமிடம் மிஞ்சும். டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டால், தன் கேள்வி நேரமும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு முக்கால் நிமிடம் கிடைக்கும். மீதி நேரம் முழுக்க அந்தப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதே 30 நிமிடத்தில் 10 நிமிடத்தை இரண்டு இரண்டு பேராகப் பேசவிட்டால் ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட 5 நிமிடம் பேசுவார்கள். ஆனால் "பக்கத்தில் இருப்பவரோடு பிரெஞ்சில் பேசுங்கள்" என்று சொன்னால் யாரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் பேசுவதற்குக் காரணம் இல்லை. பெயர், வயது, ஊர் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த நண்பனிடம் "உன் பெயர் என்ன" என்று எதற்குக் கேட்க வேண்டும்? ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இருக்கக் கூடாது, கேட்டால்தான் கிடைக்க வேண்டும். நல்ல வகுப்பு விளையாட்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றுதான். ஒரு விளையாட்டைப் பார்த்ததும் இது வேலைக்கு ஆகுமா என்று தெரிந்துகொள்ளவும் இதை வைத்தே பாருங்கள்.

நான் முதலில் சிபாரிசு செய்வது பிரான்ஸில் வீட்டுக்கு வீடு விளையாடும் "ஏழு குடும்பம்" என்ற சீட்டு விளையாட்டு. ஏழு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மகன், மகள் என்று ஆறு பேர், ஆக மொத்தம் 42 சீட்டு. கடையில் வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருப்பதை ஒரே அளவாக வெட்டினால் அருமையான கெட்டிச் சீட்டு. ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு கட்டு செய்யட்டும். குடும்பப் பெயர்களைப் பிள்ளைகளே முடிவு செய்யலாம்: மாம்பழக் குடும்பம், யானைக் குடும்பம், நீலக் குடும்பம் என்று, அந்த மாதம் நடத்திய சொற்களிலிருந்து. படம் வரைந்து கீழே பிரெஞ்சுப் பெயரை எழுதுவதே ஒரு பீரியட் பாடம். அப்புறம் ஆட்டம்: ஆளுக்கு ஆறு சீட்டு கொடுத்துவிட்டு மீதியை நடுவில் கவிழ்த்து வையுங்கள். முறை வந்தவர் யாராவது ஒருவரைப் பார்த்து "தான் லா ஃபமீய் மாங்க், ஜ வூத்ரே லா கிரான்மேர்", அதாவது மாம்பழக் குடும்பத்தில் பாட்டி வேண்டும் என்று கேட்க வேண்டும். இருந்தால் "வுவாலா" என்று கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் "பியோஷ்" என்று சொல்ல வேண்டும், கேட்டவர் நடுவிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்வார். முழுக் குடும்பம் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒரே ஒரு விதியில் மட்டும் கறாராக இருங்கள்: தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் சீட்டு கிடையாது. 15 நிமிட ஆட்டத்தில் "ஜ வூத்ரே" என்ற மரியாதையான கேட்கும் முறையை ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை தடவை சொல்கிறது என்று ஒரு குழுவின் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அத்தனை தடவை சொல்ல வைக்காது. மகனுக்கு "ஃபிஸ்", மகளுக்கு "ஃபீய்" என்பதைக் குழப்பினால் தப்பான சீட்டு வந்துவிடும் என்பதால், உச்சரிப்பையும் அவர்களே ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வார்கள்.

இரண்டாவது, எண்கள். பிரெஞ்சு எண்களில் 69 வரை சிக்கல் இல்லை. 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நான்கு இருபது, 99 என்பது நான்கு இருபது பத்தொன்பது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் "செப்தான்த்", "நோனான்த்" என்று தனிச் சொற்கள் உண்டு. இதைச் சொன்னால் பிள்ளைகள் "அப்போ நாங்களும் அப்படியே சொல்றோம் மிஸ்" என்பார்கள்! ஆனால் உங்கள் பாடநூல் பிரான்ஸ் வழக்கைப் பின்பற்றுவதுதான், அதனால் அதையே பழக்குங்கள். பிரான்ஸில் போன் எண் 10 இலக்கம், அதை இரண்டு இரண்டாகச் சேர்த்து ஐந்து எண்களாகச் சொல்வார்கள். நம் மொபைல் எண்ணும் 10 இலக்கம்தானே, அப்படியே பொருந்தும். பிள்ளைகளை முதுகோடு முதுகு உட்கார வைத்து, ஆளுக்கு மூன்று கற்பனை எண்களை எழுதச் சொல்லி (வீட்டு நம்பர் வேண்டாம்), ஒருவர் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். அந்த நேரத்தில் பென்சிலைக் கவனியுங்கள். "சுவாசான்த்" (அறுபது) என்று காதில் விழுந்ததும் 6 என்று எழுதிவிடுவார்கள், அடுத்து "தூஸ்" (பன்னிரண்டு) வந்ததும் அழித்துவிட்டு 72 என்று போடுவார்கள். சில வாரங்கள் போனால் பென்சில் ஒரு நொடி நின்று, முழு எண்ணையும் கேட்ட பிறகே இறங்கும். எண் பிடிபட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. எண்களை ஒரு பாடமாக நடத்தி முடித்துவிடாதீர்கள். வருடம் முழுக்க வாரம் ஒரு தடவை, ஐந்தே நிமிடம்.

மூன்றாவது, பாதித் தாள். ஒரு டைம்டேபிளை எடுத்து இரண்டு பிரதி போட்டு, முதல் பிரதியில் பாதிக் கட்டங்களையும் இரண்டாவதில் மறுபாதியையும் அழித்துவிடுங்கள். "செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு என்ன பாடம்?", "கணக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் கேட்டுத்தான் இருவரும் தங்கள் தாளை நிரப்ப முடியும், மற்றவர் தாளைப் பார்க்கக் கூடாது. இதற்குப் பிரான்ஸ் பள்ளி டைம்டேபிள் ஒன்றையே பயன்படுத்துங்கள். அங்கே வகுப்பு எண் மேலிருந்து கீழே இறங்குகிறது: 11 வயதுப் பிள்ளை படிப்பது "சிஸியெம்", அதாவது ஆறாவது. அடுத்த வருடம் ஐந்தாவது, அப்புறம் நான்காவது, மூன்றாவது. உங்கள் ஆறாவது வகுப்புப் பிள்ளைகளும் அங்கே போனால் ஆறாவதுதான், ஆனால் ஏழாவதுக்குப் போனால் அங்கே ஐந்தாவது என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும். மார்க் 20-க்குத்தான் போடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த மாதிரி அசல் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் டீச்சர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. சூப்பர் மார்க்கெட் விளம்பரத் துண்டுகள், ரயில் நேரம், வானிலைப் படம் எல்லாம் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது பள்ளிக் கேன்டீன் மெனு. பிரான்ஸில் பல ஊராட்சிகள் தங்கள் பள்ளிகளில் அந்த வாரம் என்ன சாப்பாடு என்பதைத் தங்கள் தளத்தில் போடுகின்றன. ஒரு ஊரின் பெயரோடு "மெனு கான்தீன்" என்று பிரெஞ்சில் தேடினால் போதும். முன் உணவு, முக்கிய உணவு, சீஸ் அல்லது தயிர், இனிப்பு என்று நாளுக்கு நான்கைந்து வரி. ஆறாவது வகுப்புக்கு அந்த அளவு சரியாக இருக்கும். 2018-ல் வந்த ஒரு சட்டத்தைத் தொடர்ந்து 2019 நவம்பரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாளாவது பள்ளிக் கேன்டீனில் சைவச் சாப்பாடு இருக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. இதை வைத்து நான் கேட்கும் கேள்விகள்: எந்த நாள் சைவம்? நீ எந்த நாள் அங்கே சாப்பிடுவாய், எந்த நாள் டப்பா கொண்டுபோவாய்? பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லையும் தோண்டி எடுப்பார்கள், ஏனென்றால் சாப்பாட்டில் எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு. பிறகு தங்கள் ஒரு வார டிபன் பாக்ஸை அதே வடிவத்தில் பிரெஞ்சில் எழுதச் சொல்லுங்கள். எலுமிச்சை சாதத்துக்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்பார்கள். "எலுமிச்சை போட்ட அரிசி" என்று சொல்லும் வழியைக் காட்டினால், எந்தச் சாப்பாட்டையும் அவர்களே விவரிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் வாயைத் திறக்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். எழுத்தைப் பார்த்தால் ஒன்று, சொல்லும்போது வேறு என்பதால் பயம். இங்கே வசதிக்காகப் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆனால் போர்டில் ஒருபோதும் அப்படி எழுதாதீர்கள், நோட்டிலும் எழுத விடாதீர்கள். மீன், பானம், விஷம் ஆகிய மூன்றுக்குமான பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் "புவாசோன்" என்ற ஒன்றில்தான் வந்து நிற்கும். ப-வும் அதன் அதிர்வொலியும், ச-வும் அதன் அதிர்வொலியும் தமிழ் எழுத்தில் பிரிவதில்லை, பிரெஞ்சிலோ அந்த ஒரு ஒலியில்தான் பொருளே மாறுகிறது. காதால் பிரித்துக் கேட்டு வாயால் பிரித்துச் சொல்லித்தான் இது வரும். இதற்கு ஒரு எளிய பயிற்சி: "தெஸ்யூ" என்றால் மேலே, "தெசூ" என்றால் கீழே. நீங்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் பேனாவை டெஸ்க் மேலே அல்லது கீழே வைக்க வேண்டும். "ஈ" சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் "ஊ" போலக் குவிக்கச் சொன்னால் முதல் சொல்லின் ஒலி வந்துவிடும். முதலில் கேட்டு வைக்கட்டும், பிறகு ஒரு பிள்ளை சொல்ல மற்றவர்கள் வைக்கட்டும். பத்துப் பேனா மேலேயும் முப்பது பேனா கீழேயும் போனால் சொன்னவருக்கே தன் ஒலி எங்கே போனது என்று தெரிந்துவிடும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

மூக்கொலி உயிர்களைப் பற்றி எல்லா டீச்சர்களும் பயமுறுத்துவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பயமே தேவையில்லை, அவை நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன. பேசும்போது "மரம்", "பணம்" என்று சொல்லிப் பாருங்கள்: கடைசியில் உதடு மூடுவதில்லை, ஓகாரம் போன்ற ஒரு ஒலி மூக்கில் போய் முடிகிறது. "வந்தான்" என்பதில் ஆகாரம் மூக்கில் முடிகிறது. "அவன்" என்பதைச் சாதாரணமாகப் பேசும்போது எகாரம் கலந்த மூக்கொலி வருகிறது. பிரெஞ்சுக்கு வேண்டிய மூன்று முக்கிய மூக்கொலிகளுக்கும் இவை மிக நெருக்கமானவை. பேச்சுத் தமிழில் இந்த மூன்றையும் சொல்லவைத்து, அதே மூக்கோடு பிரெஞ்சுச் சொல்லுக்குப் போனால் ஒரே பீரியடில் ஓரளவு பிடித்துவிடுவார்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் "போன்" என்று ன்-ஐ அழுத்தி முடிப்பார்கள். அதேபோல் "லே" என்பதும் "அமி" என்பதும் சேர்ந்தால் நடுவில் ஒரு மெய் தோன்றி "லேஸமி" என்று ஆவது, புணர்ச்சி படித்த பிள்ளைக்குப் புதிதில்லை. நீ-நீங்கள் வித்தியாசம் இருக்கும் மொழி பேசுகிறவர்களுக்கு "த்யூ-வூ" பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தொண்டையிலிருந்து வரும் அந்த ர-வுக்காக மட்டும் நேரம் செலவழிக்காதீர்கள். நம் ர-வில் சொன்னாலும் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெளிவாகப் புரியும்.

இலக்கணத்திலும் வாய்வழி முதலில் என்பது வேலையைக் குறைக்கும். "பேசு" என்ற வினையின் நிகழ்கால அட்டவணையைப் போர்டில் எழுதினால் ஆறு வரியில் ஐந்து வெவ்வேறு எழுத்து வடிவம் தெரியும், பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். காதால் கேட்டால் "பார்ல்", "பார்லோன்", "பார்லே" என்று மூன்றே ஒலிதான். ஆறில் நான்கு இடத்தில் ஒரே ஒலி. முதல் இரண்டு வாரம் இந்த மூன்றை மட்டும் பேசவிட்டு, பிறகு எழுத்து முடிவுகளைக் காட்டினால், "சொல்லாத எழுத்தை எழுத மறக்கக் கூடாது" என்ற ஒரே ஒரு புது விஷயம்தான் பாக்கி. பயிற்சிக்குக் கப்பல் சண்டை விளையாட்டு நல்லது: மேல் வரிசையில் நான், நீ, அவன் என்ற சொற்கள், பக்க வரிசையில் வினைகள், ஒளித்து வைத்த கப்பலைத் தாக்க அந்தக் கட்டத்தின் முழு வாக்கியத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஆண்பால்-பெண்பால் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாகக் கற்றுக்கொடுக்காதீர்கள், ஆண்பால் என்றால் "லெ" அல்லது "அன்", பெண்பால் என்றால் "லா" அல்லது "யூன்" சேர்த்தே சொல்லுங்கள், சேர்த்தே கேளுங்கள். சொல் முடிவுகளும் உதவும். "சியோன்" என்று முடிந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பெண்பால். "ஆஜ்" என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ஆனால் படம், பக்கம், கடற்கரை ஆகியவற்றுக்கான சொற்கள் விதிவிலக்கு. நீல அட்டை, சிவப்பு அட்டை என்று வண்ணம் பிரிப்பது பரவலாக நடக்கிறது, நானும் செய்கிறேன். அதில் உதவுவது வண்ணமா, அல்லது ஒவ்வொரு தடவையும் பிள்ளை யோசித்து எடுக்க வேண்டியிருப்பதா என்பது விவாதத்துக்கு உரியது. எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

சில விஷயங்களைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். எழுத்துக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடும் ஒர்க்‌ஷீட் வகுப்பை அமைதியாக வைக்கும், அவ்வளவுதான். பொருள் தெரியாமலே எழுத்து வடிவத்தைப் பார்த்து வட்டம் போட்டுவிடலாம். குறுக்கெழுத்து பரவாயில்லை, குறிப்பைப் புரிந்துகொண்டால்தான் நிரப்ப முடியும். ஐஸ்கிரீம் குச்சியில் ஐஃபில் டவர் செய்வது கைவேலை வகுப்புக்குச் சரி, அதில் பிரெஞ்சு எதுவும் இல்லை. நிர்வாகம் கண்காட்சிக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டால், பிள்ளைகள் செய்த சீட்டுக் கட்டுகளையும் டிபன் பாக்ஸ் மெனுக்களையும் வையுங்கள், வரும் பெற்றோரிடம் அவற்றைப் பிரெஞ்சில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று சிலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மிகவும் உறுதியானது, படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பது நீண்ட நாள் நிற்கும் என்பது. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பரீட்சை வைத்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்கள் முந்தினார்கள். உங்கள் பிள்ளைகளின் மனப்பாடம் பரீட்சை முடிந்ததும் ஏன் ஆவியாகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வகுப்பையும் ஐந்து கேள்வியோடு தொடங்குங்கள்: இரண்டு நேற்றைய பாடத்திலிருந்து, இரண்டு போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. மார்க் போட வேண்டாம், அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

தவறு திருத்துவதில் இவ்வளவு உறுதி இல்லை. ராய் லிஸ்டர், லைலா ராந்தா ஆகியோர் 1997-ல் மாண்ட்ரியல் பகுதியில் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். டீச்சர்கள் அதிகம் செய்தது, பிள்ளை தப்பாகச் சொன்னதைச் சரியாகத் தாங்களே திருப்பிச் சொல்லிவிடுவது. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு தன் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டது அந்த முறையில்தான் மிகக் குறைவு. "மறுபடி சொல்லு?", "லெ-வா லா-வா?" என்று தூண்டிவிட்டபோது பிள்ளைகளே திருத்தினார்கள். ஆனால் அந்த நொடியில் திருத்திச் சொன்னதாலேயே கற்றுக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று பிறகு வந்தவர்கள் வாதிட்டார்கள், அதுவும் நியாயம்தான். ஜோடியாகப் பேசும்போது குறுக்கே போகாமல் தவறுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் மூன்றை மட்டும் போர்டில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்வது என் வழி. "இந்தப் பிள்ளை கண்ணால் கற்கும் வகை, அந்தப் பிள்ளை காதால் கற்கும் வகை" என்று பிரித்துப் பாடம் நடத்தச் சொல்லி யாராவது பயிற்சி கொடுத்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். 2008-ல் பாஷ்லரும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஆறாவதில் தொடங்குவது தாமதம் என்று பெற்றோர் சொன்னாலும் கலங்க வேண்டாம். பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் ஆங்கிலம் கற்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும் வகுப்புகளில் சற்றுப் பெரிய வயதில் தொடங்கியவர்கள்தான் அதே அளவு நேரத்தில் அதிகம் முன்னேறினார்கள்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம். ஒன்பதாவது, பத்தாவதில் சிபிஎஸ்இ பிரெஞ்சுத் தேர்வு எழுத்துக்கு 80, உள்மதிப்பீட்டுக்கு 20. வாசிப்பு, எழுதுதல், இலக்கணம், பண்பாடு எல்லாம் எழுத்தில்தான். ஆகவே வெறுமனே விளையாடி முடித்தால் மார்க் அடிபடத்தான் செய்யும். ஒவ்வொரு பேச்சுப் பயிற்சியும் நோட்டில் மூன்று வரியோடு முடியட்டும். சீட்டாட்டத்துக்குப் பிறகு தனக்குக் கிடைத்த குடும்பத்தை அறிமுகப்படுத்தி மூன்று வாக்கியம், பாதித் தாளுக்குப் பிறகு தன் திங்கட்கிழமையைப் பற்றி மூன்று வாக்கியம். உச்சக்குறிகள், சொல்லாத எழுத்துகள் எல்லாவற்றையும் அந்த மூன்று வரியில் மட்டும் கண்டிப்பாகத் திருத்துங்கள். பெற்றோர் ஒத்துக்கொண்டால் பிள்ளைகளை டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் ஏ1 என்ற ஆரம்ப நிலைக்கு அனுப்புங்கள். அது பிரான்ஸ் கல்வி அமைச்சகம் 1985-ல் உருவாக்கிய தேர்வு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25, மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. பேச்சுத் தேர்வில் ஒரு பகுதி என்னவென்றால், சொற்கள் எழுதிய சீட்டுகளை எடுத்து, அந்தச் சொல்லை வைத்துப் பிள்ளைதான் தேர்வாளரைக் கேள்வி கேட்க வேண்டும். நாம் வகுப்பில் விளையாடுவது கிட்டத்தட்ட அதேதான். தேர்வுக்குப் போகாவிட்டாலும் அந்தச் சீட்டுப் பயிற்சியை வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காத புது டீச்சர் கிடையாது. விளையாட்டின் விதியைத் தமிழிலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள், அதைப் பிரெஞ்சில் சொல்லப் போராடிப் பத்து நிமிடம் போக்க வேண்டாம். ஆனால் பிள்ளைக்கு நிஜமாகத் தேவைப்படும் சில வாக்கியங்கள் முதல் வாரத்திலிருந்தே பிரெஞ்சில்தான்: "எனக்குப் புரியவில்லை", "முடித்துவிட்டேன்", "இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?", "தண்ணீர் குடிக்கப் போகலாமா?". கடைசி வாக்கியம் ஒரே வாரத்தில் நாற்பது பேருக்கும் வந்துவிடும். சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே பக்கத்து வகுப்பு டீச்சரிடமும் ஹெச்எம்மிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிந்தால் பேச்சுப் பயிற்சியை மதியத்துக்கு அடுத்த பீரியடில் வைத்து, மரத்தடிக்கோ வராந்தாவுக்கோ கூட்டிப் போங்கள்.

பண்பாட்டுப் பாடம் என்றால் பாரிஸ் மட்டும் என்று ஆகிவிட வேண்டாம். பள்ளி சுற்றுலா புதுச்சேரிக்கு என்றால் அது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. வெள்ளை நகரத்தில் தெருப் பெயர்ப் பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் இருக்கின்றன, தெருக்கள் நேர்கோடாக ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. "நேரே போ, இடதுபக்கம் திரும்பு" சொல்லிப் பழக அதைவிட வசதியான ஊர் நம் பக்கத்தில் இல்லை. போக முடியாவிட்டால் அந்தப் பகுதியின் வரைபடத்தை அச்செடுத்து மேசையிலேயே நடக்கலாம். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவையும் காட்டுங்கள். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் நிறைய. அவர்கள் வழிவந்தவர்கள் இன்று பிரெஞ்சு பேசிக்கொண்டே தீமிதியும் நடத்துகிறார்கள். ஏப்ரல் 1 அன்று பிரெஞ்சுப் பிள்ளைகள் காகித மீனை வெட்டி நண்பர்கள் முதுகில் ஒட்டுவார்கள். அன்று பள்ளி இருந்தால், மீனில் ஒரு பிரெஞ்சு வாக்கியம் எழுதி ஒட்ட விடுங்கள்.

இணையத்தில் நான் இரண்டை மட்டும் சொல்வேன். டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சு டிவி சேனல் நடத்தும் பிரெஞ்சு கற்கும் தளத்தில் ஏ1 முதல் நிலைவாரியாக வீடியோவும் பயிற்சியும் இலவசம். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி 10 நிமிடம் வரும், அது பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்கு. தினம் கேளுங்கள், நம் காது மழுங்காமல் இருக்க வேண்டும். மொபைல் ஆப்கள் சொற்களை நினைவுபடுத்த உதவும், ஆனால் பேச்சை அவற்றிடம் ஒப்படைக்க முடியாது. வீட்டுப்பாடத்தை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எடுத்துவருவார்கள் என்பதால், வீட்டுக்குக் கொடுப்பதைக் கேட்கும் வேலையாகவும் சத்தமாக வாசிக்கும் வேலையாகவும் வைத்துக்கொண்டு, எழுத்தை வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

அந்த 3,000 ரூபாய்க்கு முதலில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்குங்கள், கடைசி பெஞ்சுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று கடையிலேயே ஒரு பேச்சுப் பதிவைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டாம். உங்கள் போனில் ஒலிப்பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்கும். மீதிப் பணத்தில் டைம்டேபிள், மெனு, வரைபடம் மூன்றையும் 20 ஜோடிக்கு ஆகும்படி ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்துவிடுங்கள், மேலே எழுதி அழிக்க மார்க்கர் ஒரு டஜன். மூன்று வகுப்புக்கும் அதே செட் போதும், அடுத்த வருடத்துக்கும் ஆகும்.